மகளின் தோழி பிறந்த ஊரைத் தேடிச் சீனா போகிறாள், கூட அனுப்பலாமா?

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். கல்லூரியில் என் மகளோடு ஒரே அறையில் இருந்த பெண் ஒருத்தி நான்கு வருடமாக விடுமுறைக்கு விடுமுறை எங்கள் வீட்டில்தான். முகம் சீன முகம், பெயரும் பேச்சும் அசல் மினசோட்டா. 2002இல் ஜியாங்ஷி மாகாணத்தில் பிறந்தவளாம், பதினொரு மாதத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தத்தெடுத்து வந்திருக்கிறது. இது தெரியாமல் அவள் முதல்முறை வந்தபோது நான் மெனக்கெட்டு நூடுல்ஸ் செய்து தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குச்சியும் வைத்தேன். அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் என் மகளைப் பார்த்துக் கையாலேயே சாப்பிட்டாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம், "உன்னோட நிஜ அப்பா அம்மா சைனாவில் என்ன பண்றாங்க?" என்று வேறு கேட்டு வைத்தேன். "என் நிஜ அம்மா டுலூத்தில் நர்ஸ், ஆன்ட்டி" என்றாள், முகம் மாறாமல் (டுலூத் மினசோட்டாவில் இருக்கும் ஊர்). மேசைக்கடியில் மகள் என் காலை மிதித்த மிதி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, அது பழைய கதை. இப்போது விஷயம் என்னவென்றால், அவள் டிஎன்ஏ பரிசோதனை செய்திருக்கிறாள், தூரத்துச் சொந்தம் என்று ஒருத்தி வந்திருக்கிறாள், பார்த்தால் அவளும் சீனாவிலிருந்து தத்து வந்தவள், ஒஹாயோவில் இருக்கிறாள். அதிலிருந்து இவளுக்கு ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. வருகிற வசந்தத்தில் போகிறாள். பெற்றவர்களை (வளர்த்தவர்களைத்தான் சொல்கிறேன், பாருங்கள் எனக்கே குழப்பம்) கூட்டிப்போக விருப்பமில்லையாம், என் மகளைக் கூப்பிடுகிறாள்.

எனக்குப் புரியாதது இதுதான். அவளுடைய அம்மா தங்கமானவர். வருடாவருடம் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி விழாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார், சனிக்கிழமை மாண்டரின் (சீனப் பொதுமொழி) வகுப்பில் சேர்த்திருக்கிறார். இவளோ அதெல்லாம் பிடிக்காது, "வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் நான் சைனீஸ்" என்று சிரிக்கிறாள். பிடிக்காதவள் எதற்காகப் போகிறாள்? அங்கே போய் ஒன்றும் கிடைக்காமல் உடைந்துபோனால் என் மகளால் தாங்கிப் பிடிக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வடகடல் எழுதியது:

அக்கா, நான் நெதர்லாந்தில் இருக்கும் யாழ்ப்பாணத்தான். என் மனைவியும் சீனாவிலிருந்து தத்து வந்தவள்தான், 1996இல். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

பிடிக்காதவள் ஏன் போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனைவியின் கோப்பைக் காட்டினால் உங்களுக்கு விளங்கும். மொத்தமே மூன்று தாள். ஒன்றில் பிறந்த தேதி, அது காப்பகத்து ஊழியர் குழந்தையின் பல்லையும் தொப்புளையும் பார்த்து உத்தேசமாகப் போட்டது. இன்னொன்றில் பெயர், அதுவும் காப்பகம் வைத்தது, அந்த வருடம் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குடும்பப் பெயர். மூன்றாவதில் எங்கே கிடைத்தாள் என்று ஒரு வரி, சந்தை வாசல் என்று மட்டும். ஒரு மனுசிக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த முதல் மூன்று விசயமும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய ஊகம். நாங்கள் பிறந்தநாள் கொண்டாடுகிறோம், கேக் வெட்டுகிறோம், ஆனால் மெழுகுவர்த்தி ஊதும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், இன்றைக்கே இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி. பட்டுச் சட்டையும் டிராகன் நடனமும் இந்த இடத்தை நிரப்பாது. அவள் சீனக் கலாசாரத்தைத் தேடவில்லை அக்கா, அந்தச் சந்தை வாசலைத்தான் தேடுகிறாள்.

பிறந்தநாள் என்றதும் இன்னொன்று. இங்கே ஆரம்பப் பள்ளிகளில் பிறந்தநாளுக்குப் பாடும் பாட்டு ஒன்று இருந்தது, வாயில் வந்ததைச் சீன மொழி மாதிரி உளறிக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் கண்ணின் ஓரத்தை விரலால் இழுத்துக்கொண்டு பாடுவார்கள். என் மனைவியும் இழுத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். ஏழு வயதில். "எல்லாரும் இழுத்தார்கள், நானும் இழுத்தேன், எனக்கு இழுக்கத் தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

2024 செப்டம்பரில் சீன அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தது, இரத்த உறவுக்காரர் எடுத்தால் மட்டும், அல்லது மாற்றாந்தாயோ மாற்றாந்தகப்பனோ எடுத்தால் மட்டும் விதிவிலக்கு. செய்தி வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாங்கள்தான் கடைசி" என்றாள். சந்தோசமா கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை.

மகளை அனுப்புங்கள். வளர்த்தவர்களைக் கூட்டிப் போகாததைக் குற்றமாக எடுக்காதீர்கள். அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அழும், அம்மா நோகக்கூடாதே என்று. சிநேகிதி என்றால் அந்தப் பாரம் இல்லை.

---

தெருமுனை எழுதியது:

யாரும் கோபப்படாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். குப்பைத்தொட்டிப் பக்கம் கிடந்த குழந்தைக்கு வீடு, படிப்பு, அமெரிக்கக் குடியுரிமை எல்லாம் கிடைத்திருக்கிறது. காப்பகத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே. அடையாளக் குழப்பம் என்று பார்த்தால் இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கும்தான் இருக்கிறது, தமிழும் வராமல் இங்கேயும் ஒட்டாமல். அவர்கள் டிஎன்ஏ எடுத்துக்கொண்டா அலைகிறார்கள்? பெற்றவள் வேண்டாம் என்று விட்டுப் போனாள், வளர்த்தவள் தூக்கிக்கொண்டாள், யார் அம்மா என்று இதில் என்ன சந்தேகம்.

---

தினைப்புலம் எழுதியது:

தெருமுனை, கோபமெல்லாம் இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு இடத்தில் நான் முரண்படுகிறேன்.

முதலில் "வேண்டாம் என்று விட்டுப் போனாள்". 1980 வாக்கில் ஒரே குழந்தைக் கொள்கை வந்தது. கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியதால் 1980களின் நடுவில் பல மாகாணங்களில் ஒரு தளர்வு கொடுத்தார்கள், முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று. இதன் கணக்கு என்ன ஆகிறது பாருங்கள், இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் மகனுக்கு இடமில்லை. அதற்கு மேல் பெற்றால் அபராதம், வருட வருமானத்தைப் போல் சில மடங்கு, கட்டாவிட்டால் வீட்டிலிருக்கும் மாட்டையும் மரச்சாமானையும் ஓட்டிக்கொண்டு போனார்கள், கட்டாயக் கருத்தடையும் நடந்தது. குழந்தையை முறைப்படி அரசிடம் ஒப்படைக்கவும் வழி கிடையாது, ஏனென்றால் குழந்தையைக் கைவிடுவதே சட்டப்படி குற்றம். அதனால்தான் விடியற்காலையில் சந்தையிலும் பாலத்திலும் காவல் நிலைய வாசலிலும் வைத்துவிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வார்கள். வடகடலின் மனைவி கோப்பில் மூன்று தாள்தான் இருப்பதற்குக் காரணம் அன்பில்லாதது இல்லை, சட்டம். மொட்டைமாடி, அந்தப் பெண்ணுக்குச் சீனாவில் அக்கா ஒருத்தி இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. போவதற்கு முன் இதை அவள் யோசித்து வைத்திருப்பது நல்லது.

அப்புறம் காப்பகம், அதை விட்டால் அமெரிக்கா, வேறு வழியே இல்லை என்பது போல் எழுதியது. சீனாவிலேயே பெண் குழந்தை வேண்டும் என்று கேட்ட குடும்பங்கள் இருந்தன. ஆனால் 1992இல் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம் பொதுவாக 35 வயது ஆன, பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான் அனுமதி தந்தது (1999இல் 30 ஆகக் குறைத்தார்கள்). தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்த விவசாயி, அவருக்கு ஏற்கெனவே பிள்ளை இருந்தால், சட்டத்தின் கண்ணில் அளவுக்கு மேல் பிள்ளை வைத்திருப்பவர். அதே சட்டம்தான் வெளிநாட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டது, ஒரு குழந்தைக்குக் காப்பகத்துக்கு 3,000 டாலர் நன்கொடை என்ற ஏற்பாட்டோடு. பணம் வந்தால் கூடவே என்ன வரும்? 2005இல் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங்கில் காப்பகங்களுக்குக் குழந்தை வாங்கி விற்ற கும்பல் பிடிபட்டது. அதே மாகாணத்தில் ஷாவ்யாங் பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வீடு புகுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனதை 2011இல் காய்ஷின் என்ற சீனப் பத்திரிகையே எழுதியது. எல்லாக் குழந்தையும் அப்படி வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தக் குழந்தை எப்படி வந்தது என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, இதுதான் சிக்கல். "உன்னைச் சந்தையில் கண்டெடுத்தார்கள்" என்று கேட்டு வளர்ந்த பெண் இதைப் படித்தால் அன்று இரவு எப்படித் தூங்குவாள்?

நம் பிள்ளைகளோடு ஒப்பிட்டீர்கள் அல்லவா, அதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம். 2020இல் என் மகளின் வகுப்பில் சீனாவிலிருந்து தத்து வந்த ஒரு பெண். கொரோனா சமயம், கடை வாசலில் ஒருவன் அவளைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தியிருக்கிறான். கூட நின்ற அம்மா ஐரிஷ் வழி வந்தவர், அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னிடம் வந்து, "இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் உங்கள் மகளிடம் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்கிறது, என் அப்பாவுக்கும் நடந்திருக்கிறது. நம் பிள்ளை அடிபட்டு வந்தால் வீட்டில் அதே நிறத்தில், அதே மூக்கோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் அன்புக்குக் குறைவே இல்லை, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவள்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பத்து வயதில்.

நன்றியைப் பற்றி மட்டும் ஒன்று. நீங்களும் நானும் நம் அம்மாவோடு சண்டை போட்டோம், கதவைச் சாத்தினோம், யாரும் வந்து "உன்னைப் பெற்றதற்கு நன்றியாக இரு" என்று சொல்லவில்லை. இவர்களுக்கு மட்டும் மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவர்கூட "நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி" என்பார்.

---

தெருமுனை எழுதியது:

அந்த 35 வயதுச் சட்டம் எனக்குத் தெரியாது. "வேண்டாம் என்று" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் தேடிப் போய் மனதைப் புண்ணாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது என் கருத்து, விட்டுவிடுங்கள்.

---

முத்தாறு_வணிகம் எழுதியது:

நான் 2003லிருந்து பத்து வருடத்துக்கு மேல் தென்சீனாவில் குவாங்சோ நகரத்தில் துணி வியாபாரம் செய்தவன். சீனக் குழந்தைகள் அமெரிக்கா போன அந்த வாசலை நேரிலேயே பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம்.

ஷாமியன் என்று அங்கே முத்தாற்றின் (பேர்ல் ரிவர்) ஓரம் ஒரு சின்னத் தீவு, பழைய ஆங்கிலேய, பிரெஞ்சுக் கட்டடங்கள், ஆலமரங்கள். அமெரிக்கத் தூதரக அலுவலகம் அப்போது அங்கேதான் இருந்தது, தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாம் எந்த மாகாணத்தில் தத்தெடுத்தாலும் விசாவுக்கு அங்கே வந்தாக வேண்டும். பக்கத்திலேயே ஒயிட் ஸ்வான் ஹோட்டல். காலையில் போனால் வெள்ளைக்காரத் தம்பதிகள் வரிசையாகத் தள்ளுவண்டியில் சீனக் குழந்தையைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அந்தத் தள்ளுவண்டியை அங்கிருக்கும் கடைக்காரர்களே இலவசமாகக் கொடுப்பார்கள், திருப்பிக் கொடுக்க வரும்போது பட்டுச் சட்டையும் குட்டிக் காலணியும் வாங்கிப் போவார்கள் அல்லவா, அதுதான் வியாபாரம். ஹோட்டலில் ஒரு பார்பி பொம்மை கொடுப்பார்கள், பொன்னிறக் கூந்தல் பொம்மை, கையில் சீனக் குழந்தை. முதல்தடவை பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் அப்படி இல்லை. 2005இல் மட்டும் அமெரிக்காவுக்கு ஏறக்குறைய 7,900 குழந்தைகள் போனார்கள், அதுதான் உச்சம். 1999லிருந்து கணக்கெடுத்தால் 82,000க்கும் மேல். பெரும்பாலும் பெண் குழந்தைகள். பின்னாளில்தான் ஆண் குழந்தைகளும், உடல்நலக் குறை உள்ளவர்களும் அதிகமானார்கள்.

இனி பயண விஷயம். மொட்டைமாடி மேடம், உங்கள் மகளைத் தயார்ப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. அங்கே எல்லாரும் தோழியைப் பார்த்துத்தான் சீனத்தில் பேசுவார்கள். டாக்சிக்காரர், ஹோட்டல் வரவேற்பு, சாப்பாட்டுக் கடை எல்லாம். அவள் விழிப்பாள். "சீன முகத்தை வைத்துக்கொண்டு சீனம் தெரியாதா?" என்று நேருக்கு நேராகவே கேட்பார்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. உங்கள் மகள் "நீ ஹாவ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆஹா என்ன உச்சரிப்பு என்று கை தட்டுவார்கள். ஒரே மேசையில் ஒருத்திக்குப் பாராட்டு, இன்னொருத்திக்கு அவமானம். நானே பார்த்திருக்கிறேன், என்னோடு வியாபாரத்துக்கு வந்த ஒரு கனடாப் பெண், தத்து வந்தவள், மூன்றாவது நாள் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தாள். உங்கள் மகள் அந்தப் பாராட்டைச் சிரித்து வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

மொழிபெயர்ப்பாளரை அந்த மாவட்டத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். ஜியாங்ஷியில் பல இடங்களில் ஊர்ப் பேச்சு கான் என்ற வேறொரு சீன மொழி வகை, வயதானவர்களுக்கு மாண்டரின் சரியாக வராது. பெய்ஜிங்கிலிருந்து கூட்டி வரும் கைடு அங்கே பாதி ஊமை. அந்தப் பெண் சனிக்கிழமை வகுப்பில் கற்ற மாண்டரினும் அப்படித்தான், தன்னைப் பெற்ற கிராமத்தின் மொழியே அது இல்லாமல் போகலாம். விசாவுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சீனாவில் பிறந்தவர் முதல்முறை விண்ணப்பித்தால் அந்தக் காலத்துச் சீனப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், குழந்தையாகக் கிளம்பும்போது எடுத்த அந்தப் பாஸ்போர்ட் அம்மாவிடம்தான் இருக்கும். (சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அவள் அங்கே முழு வெளிநாட்டுக்காரி.) பழைய மாகாணப் பத்திரிகையில் அவள் புகைப்படத்தோடு அறிவிப்பு வந்திருக்கலாம். தத்துக் கொடுக்கும் முன் பெற்றவர்கள் உரிமை கோருகிறார்களா என்று பத்திரிகையில் போட்டு 60 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பலருக்கு அந்தச் சின்ன மங்கலான படம்தான் அவர்களுடைய முதல் படம்.

டிஎன்ஏவில் ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம். கிராமத்து அம்மா அமெரிக்கக் கம்பெனியின் குழாயில் துப்பி அனுப்பியிருப்பாரா? அதனால்தான் ஒஹாயோக்காரி வந்தாள், ஊர்க்காரர் யாரும் வரவில்லை.

---

தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

மலேசியாவிலிருந்து. இதைப் படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது, சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அப்பாவின் அம்மா சீனப் பிள்ளை. 1950இல் பிறந்தவர், அது புலி வருடம், புலி வருடத்தில் பெண் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சீனர்களிடம் ஒரு நம்பிக்கை, வறுமை வேறு. கைக்குழந்தையாகக் கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே இப்படி நிறைய நடந்தது, சீன முகமும் சேலையும் மல்லிகைப்பூவுமாக இருக்கும் பாட்டிமார்களை இங்கே பல குடும்பங்களில் பார்க்கலாம். என் பாட்டிக்குச் சீனத்தில் ஒரு சொல் தெரியாது. ஒப்பாரி வைத்தால் தோட்டமே அழும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தவர்.

சந்தையில் சீனத் தவுக்கே (கடை முதலாளி) சீனத்தில் விலை சொல்வார், பாட்டி மலாயில் பதில் சொல்வார், அவர் ஒரு மாதிரி பார்ப்பார். அது பாட்டிக்குப் பழகிவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் புதிதாகப் பார்ப்பவர்கள், நம் ஆட்கள்தான், "சீனத்தி எவ்வளவு அழகாத் தமிழ் பேசுது பாரேன்" என்பார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். "அறுபது வருசமா பேசுறேன், இன்னும் பாராட்டுறானுங்க" என்பார். பெற்றவர்களைத் தேடினாரா என்றால் இல்லை. தேட வேண்டும் என்று சொன்னதும் இல்லை. ஆனால் ஏப்ரலில் சீனர்கள் கல்லறைக்குப் போகும் நாளில் வாசலில் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைப்பார், யாருக்கு என்று அப்பா கேட்டதற்கு "கொசுவுக்கு" என்றாராம்.

---

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோட்டத்துப்பிள்ளை, உங்கள் பாட்டியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரவு மகளோடு பேசினேன், போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா இருக்கலாம் என்று தினைப்புலம் எழுதியதைத் தோழியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவளுக்கு எப்போதோ தெரியுமாம், ஒஹாயோக்காரி கிடைத்த அன்றே இருவரும் அதைத்தான் விடிய விடியப் பேசியிருக்கிறார்கள். "அம்மா, அவளுக்குத் தெரியாததை நீ ஒண்ணும் சொல்லிடப் போறதில்ல" என்றாள்.

பாஸ்போர்ட் விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று காலை அந்தப் பெண் டுலூத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். அம்மா மாடிக்குப் போய் ஒரு பழைய ஷூ பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து வீடியோவில் காட்டினாராம், சிவப்புப் பாஸ்போர்ட், தலை மொட்டையடித்த குழந்தைப் படம், அதற்கடியில் ஒரு பொம்மை, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பொன்னிறக் கூந்தல், கையில் குழந்தை. முத்தாறு சார் எழுதியிருந்த அதே பொம்மைதான். இத்தனை வருடம் அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு அவர், "உனக்குக் கொடுத்தால் என்ன நினைப்பாயோ என்று பயமாக இருந்தது" என்றாராம். அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள், என்ன பேசினார்கள் என்று மகள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முத்தாறு சார், கான் பேசும் மொழிபெயர்ப்பாளர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.